படம் இல்லாமல் போன நேரலை

படம் திருத்த எந்த ஆப் நல்லது என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். போன மாதம் விழுப்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது புதிதாகக் கேமரா பிடிக்க வந்திருக்கிற உங்களில் சிலர் என்னை டீக்கடைக்கு இழுத்துப் போய் இதைத்தான் கேட்டீர்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு நாலைந்து பெயர்களைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஃபோனைத் திறந்து பார்த்தேன். நான் சொன்னதில் ஒன்று எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஒன்று படம் திருத்துகிற ஆப்பே இல்லை, நாம் எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணுகிற ஆப். முழங்காலுக்காக டாக்டர் போட்டுக்கொள்ளச் சொன்னது. அதை நம்பி யாராவது கல்யாண ஆல்பம் தயாரிக்க முயன்றிருந்தால் மன்னிக்கவும்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பல வருஷம் ஸ்டுடியோ நடத்தினேன். ஓய்வு நானாக எடுத்துக்கொண்டது இல்லை, முழங்கால் கொடுத்தது. ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறினேன், டிஜிட்டலிலிருந்து ஆப்புக்கு மாறினேன். ஒவ்வொரு தடவையும் மற்ற கடைக்காரர்களுக்கு முன்னால் மாறிவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஆகவே ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கு முன்னால் விழுந்ததும் நான்தான். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்த விழுந்த கதைகள் மட்டுமே.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். குழந்தைக்கு முதல் பிறந்தநாள். முகத்தைத் தானாகச் சுத்தம் செய்கிற ஆப் ஒன்று அப்போதுதான் என் கையில் வந்திருந்தது. பருவா, தழும்பா, கறையா, எதுவாக இருந்தாலும் ஒரே தட்டலில் போய்விடும். மொத்தப் படங்களையும் அதில் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது எல்லா முகமும் பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு என் மேலேயே மரியாதை வந்துவிட்டது. அப்படியே ஆல்பம் அடித்துக் கொடுத்தேன்.

சில நாள் கழித்துக் குழந்தையின் அத்தை ஆல்பத்தோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஆல்பத்தை மேசையில் விரித்து, குழந்தையின் முகத்தில் விரலை வைத்தார்.

“பொட்டு எங்கங்க?”

நான் குனிந்து பார்த்தேன். கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டு இல்லை. இந்தப் பக்கம் இல்லை, அடுத்த பக்கம் இல்லை, எங்குமே இல்லை. அந்த ஆப்பை உருவாக்கினவனுக்குத் திருஷ்டியைப் பற்றி என்ன தெரியும்? ஆப் அதை ஒரு கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். என் படத்தால் காய்ச்சல் வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் நின்ற விதம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அங்கேயே ஒரு கருப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு படத்திலும் கையாலேயே பொட்டு வைத்தேன். அத்தை பொறுமையாகப் பக்கம் திருப்பிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், நாங்கள் வைத்தது வலது கன்னத்தில் என்றார். நான் வைத்ததெல்லாம் இடது.

ஆல்பத்தைத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அழிக்கிற வேலையை ஆப்பிடம் கொடுங்கள், தப்பில்லை. எதை அழிக்கக் கூடாது என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சாப்பிடப் போகாமல் இருந்தால்.

இனிப் பெரிய கதை. இதை நானே யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் அதை நேரலையிலேயே கேட்டுவிட்டார்கள்.

கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ். பெண்ணின் பெயர் நஸ்ரின். அவள் அப்பா கபீர் பாய் வளைகுடாவில் வேலை செய்பவர். மகள் கல்யாணத்துக்கு வருவதாக டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் லீவு ரத்தாகி, வர முடியாமல் போய்விட்டது. அவருடைய தம்பி ஜாஃபர் பாய்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். மகளிடம் சம்மதம் கேட்கும் பொறுப்பையும் கபீர் பாய் தம்பியிடமே ஒப்படைத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜாஃபர் பாய் கடைக்கு வந்தார். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார் என்றார். நஸ்ரின் சம்மதம் சொல்லும்போது அவர் அதைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா ஒரு ஃபோன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. புதிதாக ஒரு நேரலை ஆப் வாங்கி, மூன்று கேமராவை அதில் இணைத்து, பெயரெல்லாம் கீழே ஓடும்படி செய்து வைத்திருக்கிறேன். இந்த மனுஷர் ஃபோன் போடலாமா என்கிறார்.

“பாய், அண்ணனை டீவியில பார்க்கச் சொல்லுங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஃபோனெல்லாம் வேணாம்” என்றேன்.

அவர் என்னை நம்பிவிட்டார். என் தொழில் வாழ்க்கையில் நான் பயந்தது என்னை நம்பாதவர்களைப் பார்த்து அல்ல, நம்பினவர்களைப் பார்த்துத்தான்.

மறுநாள் மண்டபம். என் மனைவி மல்லிகாவும் கேமரா பிடிப்பவள். பெண்கள் பக்கம் முழுவதும் அவள் பொறுப்பு. நான் ஆண்கள் பக்கம், மேடைக்கு எதிரில், மூன்று ஸ்டாண்டு, ஒரு மேசை. சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க என் காலரில் குத்திக்கொண்டேன். குத்தியதை மறந்தேன். நேரலையைத் தொடங்கினேன். மேடையின் ஒலியை எடுக்க வேண்டிய ஆப், எது கிட்டே இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டது. அதாவது என்னை.

எனக்குத் தனியாக வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பேன். அன்றைக்கும் பேசினேன். மாப்பிள்ளை பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி சிரிக்கிறார் என்றேன். சந்தனக் கலர் கோட்டு போட்ட ஜாஃபர் பாய் என் கேமராவுக்குக் குறுக்கே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். கட்டிட வேலை பார்க்க வந்த மேஸ்திரி மாதிரி சுத்திக்கொண்டு இருக்கிறாரே, இவரை யாராவது உட்கார வைக்கக் கூடாதா என்றேன். பிரியாணி வாசனை வந்தபோது, கேமராக்காரனுக்கு மட்டும் எப்போதும் குழம்பும் எலும்பும்தான் மிஞ்சும் என்று வருத்தப்பட்டேன். முழங்காலைப் பற்றி விரிவாகப் பேசினேன். கடைசியாக, மல்லிகா எடுக்கிற படத்தில் பாதிப் பேருக்குத் தலை இருக்காது, அந்தத் தலைகளை நான்தான் ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டும் என்றேன்.

இதெல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது, பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. தொடங்கியபோது ஏதோ கொஞ்சம் பேர். பிறகு மளமளவென்று கூடியது. நான் ஃபிரேம் வைக்கிற அழகுக்குத்தான் கூட்டம் சேருகிறது என்று நினைத்தேன். கீழே எழுத்து எழுத்தாக ஏதோ ஓடியது. கண்ணாடி பைக்குள் இருந்தது. வாழ்த்து எழுதுகிறார்கள் என்று முடிவு செய்து, கேமராவை இன்னும் கொஞ்சம் கலையோடு திருப்பினேன்.

என் ஃபோன் அடித்தது. மல்லிகா.

“இன்னாங்க, உங்க வாயி லைவ்ல போய்க்கினு இருக்குது. மூடுங்க.”

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்க ஃபோனில் நேரலையைப் போட்டிருக்கிறார்களாம். பெண்ணின் மாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டதாம். அவள் எடுக்கிற படத்தில் தலை இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காலரைத் தொட்டேன். மைக் அங்கேயே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே ஓடுவதைப் படித்தேன். வாழ்த்து ஒன்றும் இல்லை. ‘கேமரா அண்ணனுக்கு ரெண்டு பீஸ் கூடப் போடுங்கப்பா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மேஸ்திரி மறுபடி வர்றாரு’ என்று இன்னொருவர். வளைகுடாவிலிருந்து மட்டும் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற தைரியம் இல்லை.

மைக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஒலியை மேடைக்கு மாற்றினேன். அப்படியே ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகத் திண்டிவனம் பஸ் பிடித்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். முழங்கால் ஓட விடாது என்பதால்தான் நின்றேன். இதைத் தைரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போதுதான் நிஜமான சிக்கல் வந்தது.

நிக்காஹை நடத்தி வைக்கிற ஹஜரத் வந்து மேடையில் உட்கார்ந்தார். மண்டபம் நிறைந்தது. எல்லோரும் ஃபோனைத் தூக்கினார்கள். என்னுடைய நேரலை மண்டபத்து வைஃபையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதிலேயே ஏறியதும் அது மூச்சுத் திணறியது. படம் நின்றது, ஓடியது, மறுபடியும் நின்றது. ஒலி துண்டு துண்டாகப் போனது. கபீர் பாய் கீழே ஒரு வரி எழுதினார்: ‘அண்ணே, படம் நிக்குது. சத்தமும் வரலை.’

சம்மதம் கேட்க ஜாஃபர் பாய் எழுந்துவிட்டார். சாட்சிகள் இருவரும் அவர் பின்னால். நான் நொண்டிக்கொண்டே அவரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் தன் ஃபோனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். போகவில்லை. அந்தக் கூட்டத்தில் யாருடைய ஃபோனுக்கும் சிக்னல் ஒழுங்காக இல்லை. இணையத்தில் பேசுகிற ஆப்கள் கபீர் பாய் இருக்கிற ஊரில் வேலை செய்யாது. மறுபடியும் கூப்பிட்டார். போகவில்லை. முதல் நாள் அவர் கேட்டதை நான் ஒத்துக்கொண்டிருந்தால், காலையிலேயே ஒரு லைனை ஏற்பாடு செய்து வைத்திருப்பார். அதை அவர் சொல்லவில்லை. மேடையில் ஹஜரத் காத்திருந்தார். நிக்காஹை நிறுத்தி வைக்கச் சொல்ல நான் யார்?

மேசைக்குத் திரும்பினேன். ஆப்பை மூடித் திறந்தால் படம் சரியாக வரலாம். ஆனால் நேரலைக்கு வேறு லிங்க் உருவாகிவிடும், கபீர் பாய் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூன்று கேமராவில் இரண்டைத் துண்டித்தேன். போதவில்லை. தரத்தைக் குறைத்தேன். போதவில்லை. ஆப்பில் ஒரு ஓரத்தில் ‘ஒலி மட்டும்’ என்று ஒரு பட்டன் உண்டு. வாங்கிய நாளில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கேமராக்காரனுக்கு எதற்கு இது என்று.

என் மனதில் அப்போது ஓடியதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். படத்தை நிறுத்தினால் இத்தனை பேரும் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். ஏற்கெனவே வாயால் மானம் போயிற்று. இப்போது திரையும் கருப்பானால் அந்த ஊரில் எனக்கு இன்னொரு வேலை கிடைக்காது. ஆனால் இத்தனை பேரில் ஒருவர் மட்டும்தான் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். அவரும் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார். பார்க்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான்.

ஒலியை மறுபடியும் சட்டை மைக்குக்கு மாற்றிவிட்டு, பட்டனை அழுத்தினேன். திரை கருப்பானது.

பையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு, பெண்கள் பக்கக் கதவுக்கு முன்னால் ஜாஃபர் பாயைப் பிடித்தேன். இதைக் கோட்டில் குத்திக்கொள்ளுங்கள், அண்ணனுக்குக் குரல் மட்டுமாவது போகும் என்றேன். அவர் கோட்டை நீட்டினார். குத்தும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மேஸ்திரி வேலைக்கு இதெல்லாம் வேணுமா அண்ணே?” என்றார்.

நான் கிளிப்பை இன்னும் ஒருதரம் அழுத்திவிட்டேன். அவர் உள்ளே போனார். நான் மேசைக்குத் திரும்பி இயர்ஃபோனைக் காதில் வைத்தேன்.

முதலில் மின்விசிறியின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு பெண்களின் பேச்சு, வளையல், ஒரு குழந்தையின் அழுகை. இதில் அவள் சொல்கிற ஒரு வார்த்தை எப்படிக் கேட்கும்? மல்லிகாவுக்கு ஃபோன் போட்டேன், நல்லவேளை மண்டபத்துக்குள்ளேயே அது எப்படியோ போய்விட்டது. விசிறியை நிறுத்து, எல்லோரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லு, கபீர் பாய் கேட்கிறார் என்றேன். அவள் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. இரைச்சல் நின்றது. “அவங்க அத்தா கேட்டுக்கினு இருக்காருங்க” என்று அவள் சொல்வது இயர்ஃபோனில் எனக்கே கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஜாஃபர் பாய் மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் தொகையையும் சொல்லி, உனக்குச் சம்மதமா என்று கேட்டார். பதில் வரவில்லை. வந்தாலும் எனக்குக் கேட்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அத்தா லைன்ல இருக்காரும்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு.”

ஒரு வளையல் சத்தம் கேட்டது.

“சம்மதம், அத்தா” என்றாள் நஸ்ரின்.

சம்மதம் கேட்டவர் சிச்சா, அதாவது சித்தப்பா. பதில் போனது அத்தாவுக்கு. நான் திரையைப் பார்த்தேன். கருப்பாகவே இருந்தது. கீழே கபீர் பாய் ஏதாவது எழுதுவார் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் எழுதினார்கள். படம் எங்கே, கேமரா அண்ணன் சாப்பிடப் போய்விட்டாரா, மேஸ்திரி கேபிளை மிதித்துவிட்டாரா என்று எல்லாம் வந்தது. கபீர் பாயிடமிருந்து மட்டும் ஒரு எழுத்துகூட வரவில்லை. அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கு எனக்குப் பிரியாணியில் பீஸ் மலை மாதிரி வைத்தார்கள். சொல்லி வைத்தவர் ஜாஃபர் பாய்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட ரசித்துச் சாப்பிட முடியவில்லை. மல்லிகா எதிரில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். வண்டியில் திரும்பி வரும்போது, அந்த நேரத்தில் அந்த அறையில் தான் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்று சொன்னாள். கேமரா சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்று தோன்றியதாம். நான் சொல்லாததையும் செய்திருந்தாள். தலை வெட்டுகிற பேச்சை நான் அதோடு விட்டேன்.

பிறகு கல்யாண வீடியோவைத் தயாரிக்க உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் வெறும் கருப்பு, குரல் மட்டும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. ஒரு கேமராக்காரன் கருப்புத் திரையைக் கல்யாண வீட்டுக்குக் கொடுப்பானா? அந்த இடத்தில் நஸ்ரினின் மருதாணிக் கை, ஜன்னலோர மல்லிகைப் பூ, மெதுவாகத் திரும்புகிற முகம் எல்லாவற்றையும் போட்டு அழகாக மூடினேன். பின்னால் மெல்லிய இசையும் சேர்த்தேன். இதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. பிரமாதமாக வந்தது.

கபீர் பாய் லீவில் வந்தபோது நேராகக் கடைக்கு வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனுஷர். கைகொடுத்தார். கேமரா அண்ணன் நீங்கதானா என்று கேட்டார். அவருடைய அறையில் தங்கியிருக்கிறவர்கள் எல்லோரும் எனக்கு சலாம் சொல்லச் சொன்னார்களாம், என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார்களாம். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

பிறகு கேட்டேன். அன்றைக்கு அந்தக் குரல் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா?

சேர்ந்தது என்றார். அறையில் எல்லோரும் டீவியை அணைத்துவிடச் சொன்னார்களாம், படமே இல்லையே என்று. இவர் விடவில்லையாம்.

“அப்புறம் ஒண்ணுமே எழுதலையே பாய்?”

“எழுத வர்லண்ணே” என்றார்.

வீட்டார் அனுப்பிய வீடியோவில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றார். எந்த இடம் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் அழகாக ஏதோ எதிர்பார்க்கிறார் என்று. மெதுவாக ஓடுவதை இன்னும் மெதுவாக்கலாம், நிறத்தை மாற்றலாம் என்று நான் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, அந்தப் பூவையும் கையையும் பாட்டையும் எடுத்துவிடச் சொன்னார்.

“எடுத்துட்டு இன்னா பாய் போடறது?”

“ஒண்ணும் போடாதீங்க. அன்னிக்கு எனக்கு எப்படி வந்துச்சோ, அப்படியே இருக்கட்டும்.”

ஒவ்வொன்றாக அழித்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சேர்த்தது, அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மல்லிகா இன்னும் இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கபீர் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட விட்டேன். திரை கருப்பானது. விசிறியின் இரைச்சல் வந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.